கட்டைவிரலில் இறங்கும் பாரம்

எண்ணெய் வேண்டாம், சட்டையைக் கழற்ற வேண்டாம், கட்டில்கூட வேண்டாம். தரையில் மெத்தை விரித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் மண்டியிட்டு, கட்டைவிரலால் அழுத்துவார்கள். ஜப்பானியரின் ஷியாட்சு சிகிச்சை இதுதான்.

கை கால் பிடித்துவிடுவதாக நினைத்துவிட வேண்டாம். பிடித்துவிடுகிறவர் பிசைவார், உருவுவார், தட்டுவார். ஷியாட்சுவில் இவை பெரும்பாலும் கிடையாது. விரல்நுனியால் குத்தாமல், விரலின் சதைப்பற்றான பகுதியை உடம்பின் மேல் செங்குத்தாக ஊன்றி, அழுத்துகிறவர் மெல்ல முன்னால் சாய்கிறார். இறங்குவது கைப்பலம் அல்ல, அவருடைய உடல் எடை. சில விநாடி அப்படியே நின்று, அதே நிதானத்தோடு விலகி, அடுத்த இடத்துக்குப் போகிறார். பின்கழுத்தில் தொடங்கி, முதுகெலும்பின் இரு ஓரமும், இடுப்பு, தொடை, பாதம் என்று இது நீளும். வெடுக்கென்று அழுத்தினால் தசை எதிர்த்து இறுகும். மெதுவாக இறங்கும் பாரத்துக்குத்தான் இடம் விடும். வித்தையில் முக்கால்வாசி இந்த நிதானம்தான்.

இதை முறைப்படுத்தியவர் தொகுஜிரோ நாமிகோஷி (1905–2000). குளிர் மிகுந்த ஹொக்கைடோ தீவுக்குக் குடும்பம் குடிபெயர்ந்தபோது தாய் மூட்டுவலியில் அவதிப்பட்டாராம். சிறுவன் விரலால் அழுத்தி அழுத்தியே கற்றுக்கொண்டான் என்பது அவர் வழியினர் சொல்லும் கதை. 1940இல் தோக்கியோவில் பள்ளி தொடங்கினார். 1954இல் ஜப்பான் வந்த மர்லின் மன்றோவுக்கு அவர் சிகிச்சை அளித்ததும் ஊரெல்லாம் பேச்சானது. ஆனால், ஷியாட்சு ஒரே மனிதரின் கண்டுபிடிப்பு அல்ல. பார்வையற்றோர் பல நூற்றாண்டுகளாகப் பிழைப்பாகச் செய்துவந்த ‘அன்மா’ என்ற பழைய மசாஜ் அதற்கு முன்பே அங்கே இருந்தது. 1964இல் ஜப்பானியச் சட்டம் ஷியாட்சுவை அன்மாவிலிருந்து வேறுபட்ட முறையாக ஏற்றது. மூன்றாண்டு படித்து அரசுத் தேர்வில் தேறினால்தான் அங்கே உரிமம்.

தற்செயலாக, அதே 1964இல்தான் திருநெல்வேலியை அடுத்த பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அதில் ஒன்பது வகை. அழுத்தலும் அவற்றில் ஒன்று. ஆக, விரலால் அழுத்தும் வைத்தியத்துக்கு நாம் ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. ஆனால் அழுத்தலை மட்டும் தனியே பிரித்து, பாடத்திட்டமும் தேர்வும் உரிமமும் வைத்து வளர்த்த விதத்தில் ஜப்பானியரிடம் கற்க நிறைய இருக்கிறது. நம்மிடம் கடைத்தெருவில் பலகை மாட்டிய எவரும் நிபுணர்தான்.

அழுத்தினால் என்ன நடக்கிறது? உடலில் ஓடும் ‘கீ’ என்ற ஆற்றல் சீராகிறது என்பது மரபு விளக்கம். அப்படி ஓர் ஆற்றலை எந்தக் கருவியும் அளந்ததில்லை. இறுகிய தசை தளர்வதும், மூச்சு ஆழமாவதும், மனம் அடங்குவதும் அனுபவத்தில் தெரிபவை. ஷியாட்சு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை; நோயைக் குணமாக்கும் என்று சொல்ல அவை போதாது. களைப்புக்கும் இறுக்கத்துக்கும் ஆறுதல் என்ற அளவில் ஏற்றுக்கொள்ளலாம். அதுவே சின்ன விஷயம் அல்ல. தூத்துக்குடி உப்பளத்தில் குனிந்து உப்பு வாருபவருக்கும், தோணியில் மூட்டை ஏற்றுபவருக்கும் முதுகுவலி அன்றாடம்.

காய்ச்சல், எலும்புத் தேய்வு, காலில் இரத்த உறைவு உள்ளவர்கள் அழுத்திக்கொள்ளக் கூடாது. தூத்துக்குடிக் கடற்கரையில் இன்னொருவரையும் சேர்க்க வேண்டும்: சங்கு குளிப்பவர். முத்துக்குளித்த முன்னோர் கல்லைப் பிடித்து இறங்கி, ஒரே மூச்சில் மேலே வந்துவிடுவார்கள். இன்றோ கம்ப்ரசர் குழாயிலும் சிலிண்டரிலும் மூச்சு வாங்கியபடி நெடுநேரம் அடியில் இருக்க முடிகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல இரு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், மூடி திறந்த சோடாவைப்போல அது குமிழிகளாகிறது. தோளிலும் முழங்காலிலும் குடையும் வலி, மரத்துப்போதல், சில வேளை பக்கவாதம்.

கடலிலிருந்து ஏறிய சில மணி நேரத்துக்குள் மூட்டு வலித்தால், அதைச் சுளுக்கு என்று எண்ணி யாரிடமும் பிடித்துவிடக் கொடுக்கக் கூடாது. எந்த விரலும் அந்தக் குமிழியைக் கரைக்காது; நேரம்தான் வீணாகும். உடனே ஆக்சிஜன் கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அழுத்தத்தை மீண்டும் ஏற்றி இறக்கும் அறை உள்ள இடத்துக்கு அனுப்புவதா என்று அவர் அதையும் வைத்துத்தான் முடிவெடுப்பார்.