ஸ்ரெப்ரெனிட்சா கற்பிக்கும் பாடம்

கையில் வாளில்லாத நீதிபதியால் என்ன செய்ய இயலும்? சர்வதேச நீதி குறித்துப் பேசும்போதெல்லாம் நம்முன் எழும் வினா இது. விடையைப் போஸ்னியாவில் காண்கிறோம்.

ஐ.நா. 'பாதுகாப்புப் பகுதி'யென அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சா நகர், 1995 ஜூலையில் போஸ்னிய செர்பியப் படையிடம் வீழ்ந்தது. 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். பாதுகாப்புச் சபை 1993இல் அமைத்த ஹேக் தீர்ப்பாயம், தளபதி ராத்கோ மிலாதிச் மீது 1995இலேயே குற்றம் சாட்டியது. ஆனால், தீர்ப்பாயத்துக்கெனக் காவல்படை இல்லை. அரசுகள் பிடித்துக் கொடுத்தாலன்றி விசாரணை இல்லை. செர்பியாவில் அவர் பிடிபட்டது 2011இல்தான். 2017இல் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனை 2021இல் உறுதியானது.

தாமதம் பெருங்குறையே. எனினும், புதைகுழிகளையும் சாட்சியங்களையும் ஆராய்ந்து, நடந்தது இனப்படுகொலையே என 2001இல் அத்தீர்ப்பாயம் நிறுவியது. பழியை ஓர் இனத்தின்மீது சுமத்தாமல், செய்தவரைப் பெயர்சுட்டித் தண்டித்தது. அரசுகளுக்கிடையிலான வழக்குகளை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றமோ, படுகொலையைத் தடுக்கும் கடமையில் செர்பியா தவறியதென 2007இல் தீர்ப்பளித்தது.

மாண்டவரை எத்தீர்ப்பும் மீட்டுத் தராது. ஆயினும், நடந்ததை மறுப்போர்முன் வைக்க அழியாச் சான்று எஞ்சுகிறது. உண்மையை நிறுவுவது நீதிமன்றத்தின் பணி. அதன் ஆணைக்கு வலிமை தருவது நாடுகளின் கடமை. பின்னது தவறும்போது, முன்னதைப் பழிப்பது முறையன்று என்பதே நம் கருத்து.