வரைபடத்துக்குக் கூலி கொடுப்பவர் யார்?

கைப்பேசியில் வழிகாட்டும் செயலியைப் பணம் கொடுத்து வாங்க வேண்டுமா, இலவசமாகக் கிடைப்பதே போதுமா என்று யோசிப்போர் பெரும்பாலும் இரண்டு செயலிகளின் வசதிகளை எதிரெதிரே வைத்து எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் வழிகாட்டுதல் என்ற ஒரே சொல்லுக்குள் இருப்பிடத்தை அறிதல், வரைபடத்தை வைத்திருத்தல், பாதையைக் கணக்கிடுதல், சாலையில் அந்த நேரத்தில் உள்ள நெரிசலைக் கண்டுகொள்ளுதல் என நான்கு வேறுவேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. அவை ஒவ்வொன்றின் செலவையும் வெவ்வேறு தரப்பினர் ஏற்கின்றனர் என்பதைப் பிரித்துப் பார்க்காதவரை எது மலிவு, எது விலை மிகுந்தது என்று தீர்மானிக்க இயலாது.

நான்கில் முதலாவது எல்லோருக்கும் இலவசம். ஜிபிஎஸ் எனப்படும் அமெரிக்கச் செயற்கைக்கோள் அமைப்பு, 1978இல் தன் முதல் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்ட பிறகு, 1995இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இந்தச் செயற்கைக்கோள்கள் தத்தம் நேரத்தையும் இருப்பிடத்தையும் இடைவிடாது ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலைகளைப் பெறும் கைப்பேசி, அவை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தூரங்களைக் கணக்கிட்டுத் தான் இருக்கும் இடத்தை அறிந்துகொள்கிறது. பொதுமக்களுக்கான அலையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்துவைத்திருந்த அமெரிக்க அரசு, 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தத் தடையை நீக்கிய பிறகுதான் தெருவுக்குத் தெரு வழிசொல்லும் தொழில் தழைக்க முடிந்தது. இன்றைய கைப்பேசிகள் பலவும் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும், சில கைப்பேசிகள் இந்தியாவின் நாவிக் அமைப்பையும் சேர்த்தே கேட்கின்றன. இதற்காக எந்தச் செயலியும் எந்த அரசுக்கும் பணம் செலுத்துவதில்லை.

இங்கே பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. ‘நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது’ என்று பலரும் நம்புகின்றனர். வானொலிப் பெட்டி அலையைப் பெறுவதுபோலவே கைப்பேசியும் செயற்கைக்கோளின் அலையைப் பெற மட்டுமே செய்கிறது. அதற்கு இணையம் தேவையில்லை. செயற்கைக்கோள் நொடிக்கு 50 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில் தகவல் அனுப்புவதால், அதன் சுற்றுப்பாதை விவரம் முழுமையாக வந்துசேர அரை நிமிடம் ஆகும் என்பதும், அதே விவரத்தைக் கைப்பேசிக் கோபுரத்தின் வழியாகப் பெற்றால் சில நொடிகளில் இருப்பிடம் தெரிந்துவிடும் என்பதும்தான் இணையத்தால் விளையும் வேறுபாடு. சிக்னல் இல்லாத மலைப்பாதையில் செயலி திணறுவதற்குக் காரணம் இருப்பிடம் தெரியாமை அன்று, அந்த இருப்பிடத்தை வைத்துக் காட்ட வரைபடம் கைவசம் இல்லாமையே.

அந்த வரைபடம்தான் செலவு பிடிக்கும் பண்டம். ஒருவழிச் சாலை எது, எந்தத் திருப்பம் தடைசெய்யப்பட்டது, எந்தப் பாலம் மேலே செல்கிறது, எது கீழே செல்கிறது என்பதையெல்லாம் வாகனங்களில் ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்து, மாற்றம் நேரும்போதெல்லாம் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். காய்கறியைப் போல வாடக்கூடிய சரக்கு அது. இத்தகைய பதிவுகளை வைத்திருந்த நிறுவனங்கள் ஒரு காலத்தில் எவ்வளவு மதிப்புடையவையாக இருந்தன என்பதற்கு, நவ்டெக் நிறுவனத்தை வாங்க நோக்கியா 2007இல் 810 கோடி டாலர் தர முன்வந்ததும், டெலி அட்லஸ் நிறுவனத்தை டாம்டாம் 2008இல் ஏறத்தாழ 290 கோடி யூரோவுக்கு வாங்கியதும் சான்று. 2009இல் ஐபோனுக்கென வந்த டாம்டாம் செயலியின் அமெரிக்க, கனடியப் பதிப்பு 99.99 டாலருக்கு விற்கப்பட்டது.

அதே 2009ஆம் ஆண்டின் அக்டோபரில், திருப்பத்துக்குத் திருப்பம் குரலால் வழிசொல்லும் வசதியை ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இலவசமாகத் தரப்போவதாகக் கூகுள் அறிவித்தபோது, கார்மின், டாம்டாம் ஆகிய இரண்டு நிறுவனங்களின் பங்கு விலைகளும் அன்றே சரிந்தன. மூன்று மாதங்களுக்குள் நோக்கியாவும் தன் வழிகாட்டியை இலவசமாக்கியது. அது பெருந்தொகை கொடுத்து வாங்கிய வரைபடத் தொழில் 2015இல் ஆடி, பிஎம்டபிள்யூ, டைம்லர் ஆகிய ஜெர்மானிய கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 280 கோடி யூரோவுக்குக் கைமாறியது. வரைபடம் தயாரிக்கும் செலவு இதனால் குறைந்துவிடவில்லை. அதைச் செலுத்துபவர்தான் மாறினார்.

இலவசச் செயலியின் செலவு மூன்று வழிகளில் ஈடுசெய்யப்படுகிறது. வரைபடத்தில் தங்கள் கடையை முன்னிறுத்த வணிகர்கள் தரும் விளம்பரக் கட்டணம் ஒன்று. வாடகைக் கார், உணவு விநியோகம் போன்ற சேவைகளை நடத்துவோர் அந்த வரைபடத்தைத் தங்கள் செயலிக்குள் பயன்படுத்துவதற்குத் தரும் கட்டணம் இன்னொன்று. இது சிறிய தொகை அன்று. கூகுளின் வரைபடத்துக்கு ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் செலவிட்டு வந்ததாகச் சொல்லி, 2024 ஜூலையில் ஓலா தன் சொந்த வரைபடத்துக்கு மாறியது. அதே மாதத்தில் கூகுள் இந்தியாவுக்கான தன் கட்டணங்களை 70 சதவீதம் வரை குறைப்பதாக அறிவித்தது.

மூன்றாவது வழி, பயன்படுத்துவோரின் நடமாட்டம். செயலியின் திரையில் சாலை சிவப்பாகத் தெரிவது அங்கே காவலர் நின்று எண்ணிச் சொல்வதால் அன்று. அச்சாலையில் மெதுவாக நகரும் கைப்பேசிகள் தம் வேகத்தை நிறுவனத்துக்குத் தெரிவித்தபடி இருப்பதால்தான். 2020இல் சைமன் வெக்கர்ட் என்ற ஜெர்மானியக் கலைஞர், 99 கைப்பேசிகளைக் கைவண்டியில் போட்டு பெர்லின் தெருக்களில் மெல்ல இழுத்துச் சென்றபோது, வாகனமே இல்லாத தெரு வரைபடத்தில் நெரிசல் மிக்கதாகச் சிவந்து காட்சியளித்தது. இந்தப் பரிமாற்றத்தைத் திருட்டு என்று வருணிப்பது நியாயமாகாது, ஏனெனில் எல்லோருடைய கைப்பேசிகளும் தம் வேகத்தைச் சொல்லாவிட்டால் எவருக்கும் நெரிசல் தெரியாது. ஆனால் ஒருவர் எந்த மருத்துவமனைக்குப் போனார், எந்த வழிபாட்டுத் தலத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்ற விவரம் அவர் பெயரோடு சேர்த்து வைக்கப்படுவது நெரிசலை அறியத் தேவையான அளவுக்கு மிக அதிகம். கூகுளில் இருப்பிட வரலாற்றை நிறுத்திவைத்த பிறகும் சில விவரங்கள் சேமிக்கப்பட்டதாக 2018இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்ததைத் தொடர்ந்து எழுந்த விசாரணையில், 2022இல் கூகுள் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தர உடன்பட்டது. பயண வரலாற்றை இனிக் கைப்பேசியிலேயே வைக்கப்போவதாக அந்நிறுவனம் 2023 டிசம்பரில் அறிவித்தது.

இலவசம் என்றாலே விளம்பரமும் வேவும் என்று முடிவுகட்டுவதும் பிழை. ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், தன்னார்வலர்கள் தத்தம் ஊரைத் தாங்களே வரைந்து சேர்க்கும் உலக வரைபடம். உரிய குறிப்போடு யாரும் அதை எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தின்கீழ் அது வழங்கப்படுகிறது. அதன்மேல் எழுந்தவை ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மண்ட் முதலிய செயலிகள். ஒரு மாநிலத்தின் வரைபடத்தை வீட்டில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொண்டால், இணைப்பு முற்றிலும் இல்லாத இடத்திலும் அவை தேடித் தருகின்றன, வழியும் சொல்கின்றன. ஆர்கானிக் மேப்ஸ் நன்கொடையால் நடப்பது. ஆஸ்மண்டின் இலவசப் பதிப்பில் இறக்கிக்கொள்ளக்கூடிய வரைபடங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, கட்டணப் பதிப்பில் இல்லை. இவற்றின் குறைகளும் வெளிப்படையானவை. நெரிசல் விவரம் இல்லை; இந்திய ஊர்களில் கதவு எண்ணும் கடைப் பெயரும் அரிதாகவே கிடைக்கும்; ஆர்வமுள்ள ஒருவர் வாழும் சிற்றூரில் ஒற்றையடிப் பாதை வரை பதிவாகியிருக்க, அடுத்த ஊரின் பேருந்து நிலையம்கூட விடுபட்டிருக்கலாம்.

கட்டணச் செயலிகளில் சிஜிக், டாம்டாம் போன்றவை தருவன: முழு வரைபடத்தையும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளும் வசதி, எந்தத் தடத்தில் வண்டியை ஓட்ட வேண்டும் என்ற படம், விளம்பரமின்மை, கனரக வாகனங்களுக்கான தனிப் பதிப்பு. இவற்றுள் கடைசியில் கூறியதே மெய்யாகப் பணம் பெறும் தகுதி உடையது. வண்டியின் உயரம், எடை, நீளம் ஆகியவற்றைக் குறித்துக் கொடுத்தால், தாழ்வான பாலத்தையும் எடை தாங்காத சாலையையும் தவிர்த்து வழி வகுக்கும் செயலி, ஐரோப்பியச் சாலைகளில் லாரி ஓட்டுபவருக்கு ஒரே பயணத்தில் தன் விலையை மீட்டுத் தந்துவிடும். மற்ற வசதிகளுக்காகச் சந்தா கட்டுபவர், அச்செயலி யாருடைய வரைபடத்தைக் காட்டுகிறது என்று முதலில் அறிந்துகொள்வது நல்லது. டாம்டாம் நிறுவனமே 2022இல் அறிவித்த தன் புதிய வரைபடத்தில் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் தரவுகளையும் சேர்த்துக்கொண்டிருப்பதால், தன்னார்வலர் ஒருவர் ஊதியமின்றி வரைந்த தெரு விலைக்கு விற்கும் செயலிக்குள்ளும் இருக்கக்கூடும்.

இந்தியச் சாலைகளைப் பொறுத்தவரை விலைக்கும் பயனுக்கும் இடையே நேரான உறவு இல்லை. இருசக்கர வண்டிக்கான தனி வழியைக் கூகுள் 2017 டிசம்பரில் முதலில் இந்தியாவில்தான் அறிமுகப்படுத்தியது. காருக்கு ஒவ்வாத குறுகிய தெருக்களைத் தவிர்க்க முயலும் வசதியை 2024இல் சென்னை, கோவை உள்ளிட்ட 8 நகரங்களில் தொடங்கியது. 1995 முதல் இந்தியாவை வரைந்துவரும் மேப்மைஇந்தியா நிறுவனத்தின் மேப்பிள்ஸ் செயலியும் பொதுப் பயனாளர்களுக்கு இலவசமே. மயிலாப்பூரின் சந்துகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு, இந்த வண்டியின் தேவையை எண்ணிப் பார்க்காத அயல்நாட்டுக் கட்டணச் செயலியால் பெரிதும் நன்மை இல்லை.

விலை எதுவாயினும் தீர்க்காத சிக்கலும் ஒன்று உண்டு. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, ராம்கங்கை ஆற்றின் மேல் வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தனர். அவர்கள் வழிகாட்டும் செயலியைப் பின்பற்றி வந்ததாகக் கூறப்பட்டது. பாலத்தின் முகப்பில் தடுப்பு இல்லாததற்காகப் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீது வழக்குப் பதிவானது. பாலம் உடைந்தது என்ற செய்தியைச் சாலையின் உரிமையாளரான அரசு அறிவிக்காவிட்டால், பணம் பெறும் செயலிக்கும் அது தெரியாது, பெறாததற்கும் தெரியாது. ஆகவே பாலங்களும் சாலைகளும் மூடப்படும்போது அந்த விவரத்தை எல்லாச் செயலிகளும் எடுத்துக்கொள்ளும் வகையில் உடனுக்குடன் வெளியிடுவது அரசுத் துறைகளின் கடமையாக்கப்பட வேண்டும். இரவிலும் மழையிலும் பழக்கமில்லாத சாலையில் செல்பவர், திரையைவிடத் தம் முகப்பு விளக்கு காட்டுவதையே நம்ப வேண்டும்.

இவற்றைக் கருத்தில் கொண்டால், இந்திய நகரங்களில் அன்றாடம் வண்டி ஓட்டும் பெரும்பாலோர் வழிகாட்டும் செயலிக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பதே முடிவு. அவர்களுக்கு வேண்டியது நெரிசல் விவரம்; அது மிகுதியான பயனாளர்களைக் கொண்ட இலவசச் செயலியில்தான் நம்பத்தக்கதாக இருக்கும். அதோடு, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை அடிப்படையாகக் கொண்ட செயலி ஒன்றையும் இறக்கி, தம் மாநிலத்தின் வரைபடத்தை அதில் நிரப்பிவைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. கூகுளிலும் ஒரு பகுதியை இறக்கிவைக்கலாம் என்றாலும், இணைப்பில்லாதபோது அது வண்டிக்கு வழி சொல்லுமே தவிர நடப்பவருக்குச் சொல்லாது. இறக்கிய பகுதியை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். காடும் மலையும் ஏறுவோரும், கனரக வாகனம் ஓட்டுவோரும், தம் நடமாட்டம் பிறர் கைக்குப் போகக் கூடாது என்று கருதுவோரும் பணம் செலவிடலாம். கடைசி வகையினர் அப்பணத்தை நன்கொடையாகத் தருவது பொருத்தமாக இருக்கும்.

பணம் தர இயலாதவர்கள் உழைப்பைத் தரலாம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் கணக்குத் தொடங்கக் கட்டணம் ஏதும் இல்லை, பெயர்களைத் தமிழிலேயே எழுதவும் அதில் இடம் உண்டு. தம் ஊரில் விடுபட்ட தெருவையும், புதிதாக வந்த பாலத்தையும், மூடப்பட்ட வழியையும் வாசகர்கள் இந்த வாரமே அதில் குறித்துவைக்க வேண்டும்.