விண்கலத்தின் வயிற்றில் ஒரு கூட்டல் கணக்கு

1977இல் அட்டாரியின் டிவி விளையாட்டுப் பெட்டி கடைக்கு வந்தபோது, கூடவே வந்த ஒன்பது கார்ட்ரிட்ஜ்களில் ஒன்றின் பெயர் ‘பேசிக் மேத்’. பீரங்கிச் சண்டைக்கும் கார் பந்தயத்துக்கும் நடுவே ஒரு கணக்கு நோட்டு! திரையில் கணக்கு வரும். ஜாய்ஸ்டிக்கை மேலும் கீழும் தள்ளி விடைக்கான இலக்கத்தை வரவழைத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். பத்துக் கணக்கு முடிந்ததும் மதிப்பெண். சிலேட்டில் செய்ததையே டிவியில் செய்தால் விளையாட்டாகிவிடும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள்.

வீட்டுக் கணினிகள் பரவியபோது அடுத்து வந்தவர்கள் கொஞ்சம் சாமர்த்தியசாலிகள். ஊரெல்லாம் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற சுடும் ஆட்டத்தின் மேல் பித்துப் பிடித்துக் கிடந்த காலம் அது. 1982இல் டிஎல்எம் என்ற அமெரிக்க நிறுவனம் ‘ஏலியன் அடிஷன்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. மேலிருந்து இறங்கும் விண்கலங்களின் வயிற்றில் 4+3, 6+2, 5+4 என்று எழுதியிருக்கும். பிள்ளையின் பீரங்கியில் 7. எந்தக் கலத்துக்கு நேரே போய்ச் சுடுவது? கலிபோர்னியாவில் டியூஷன் மையம் நடத்திவந்த ஜேன் டேவிட்சன் 1983இல் இதே வகையில் கொண்டுவந்த ‘மேத் பிளாஸ்டர்’ அமெரிக்க வீடுகளில் சக்கைப்போடு போட்டது.

வாய்ப்பாடு நாக்கில் நிற்க இவை உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் கணக்கு இங்கே சுடுவதற்கு வாங்கும் டிக்கெட் மட்டுமே. கூட்டலை எடுத்துவிட்டு எழுத்துக்கூட்டலை வைத்தாலும் அதே சண்டை அப்படியே நடக்கும்.

மினசோட்டா மாநிலத்துப் பள்ளிகளுக்காக 1973இல் தொடங்கிய மெக் அமைப்பு, 1986இல் ஆப்பிள் 2 கணினிக்குக் கொடுத்த ‘நம்பர் மஞ்சர்ஸ்’ ஒரு படி மேல். திரையில் 30 கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எண். மேலே ‘5இன் மடங்குகள்’ என்று உத்தரவு. அகல வாய்ப் பச்சை உருவம் ஒன்று கட்டம் கட்டமாக நகர்ந்து எண்களை லபக்கென்று விழுங்கும். 35ஐ விழுங்கலாம், 32ஐ விழுங்கினால் ஓர் உயிர் காலி. நடுவே டிராகிள் என்ற பூதங்கள் வேறு. ஒன்று நேராக நடந்து போய்விடும், ஒன்று துரத்தும், இன்னொன்று போகிற போக்கில் எண்ணையே மாற்றிவிடும். பகா எண் ஆட்டத்தில் பெரியவர்களும் திணறுவார்கள். 51 போன்ற எண்ணைப் பாருங்கள், பகா எண் போலவே அப்பாவியாக நிற்கும். மூன்று பதினேழு என்பது உயிர் போன பிறகுதான் உறைக்கும்.

கணக்கே காய்நகர்த்தலாக மாறியது வேறோர் ஆட்டத்தில். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்ற கல்விக் கணினி அமைப்புக்காக 1970களில் பானி ஆண்டர்சன் எழுதிய அது, பின்னாளில் ஆப்பிள் 2க்கும் வந்தது. பெயர் ‘ஹவ் தி வெஸ்ட் வாஸ் ஒன் பிளஸ் த்ரீ டைம்ஸ் ஃபோர்’. நம் தாயம், பரமபத வகைதான்: 70 கட்டம், பத்துக்கு ஓர் ஊர். ஊரில் சரியாகப் போய் நின்றால் அடுத்த ஊருக்கே தாவலாம். தாயக்கட்டைக்குப் பதில் மூன்று எண்கள் விழும். இரண்டு வெவ்வேறு குறிகள் போட்டு அவற்றைச் சேர்க்க வேண்டும். வருகிற விடைதான் நகரும் தூரம்.

15ஆம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு 1, 3, 4 விழுகிறது என்று வையுங்கள். 1-ஐயும் 3-ஐயும் கூட்டி நான்கால் பெருக்கினால் 16, அதுதான் பெரியது. 31இல் போய் நிற்கலாம். 1-ஐயும் 4-ஐயும் கூட்டி மூன்றால் பெருக்கினால் 15தான். ஆனால் 30 ஓர் ஊர். அங்கிருந்து 40க்கு ஒரே தாவல்! அடைப்புக்குறியை எங்கே போடுவது என்பதை இதைவிட ருசியாக யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

அப்படியும் பல பிள்ளைகள் சின்ன எண்கள் இரண்டையும் கூட்டிப் பெரியதால் பெருக்கும் ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். இதைக் கவனித்த ஆய்வாளர்கள் ரிச்சர்ட் பர்ட்டனும் ஜான் சீலி பிரவுனும் ஆட்டத்துக்குள் ஒரு பயிற்சியாளர் நிரலை எழுதி வைத்தார்கள். பிள்ளை தவறவிட்ட வழி மிகப் பெரிய லாபம் தருவதாக இருந்தால் மட்டுமே அது உதாரணம் காட்டும். அடுத்தடுத்த இரண்டு நகர்வுகளில் அது வாய் திறக்கவே கூடாது என்றும் விதி வைத்திருந்தார்கள்.