காற்று வாயிலும் இயந்திர வலிமையும்

உயிர்க்கு மூச்சு எத்தகையதோ, பெற்றோல் இயந்திரத்திற்குக் காற்றும் அத்தகையது. மூச்சுக்குழல் விரிந்தால் வலிமை மிகும் என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. பழைய ஜீப் வண்டி உடையோர் சிலர் அதன் திரொட்டில் வாயிலைக் கடைந்து அகலமாக்க விழைவதும் இவ்வெண்ணம் பற்றியேயாம். அதனால் விளையும் பயன் எத்துணையது என்பது கணக்கிட்டு அறியத்தக்கது.

புத்தளக் களப்புக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. அங்குள்ள எத்தாளை போன்ற ஊர்களில் நிலம் மணற்பாங்கானது. சில்லு மணலிற் புதையுங்கால், வண்டிக்கு வலிமை போதாதென்றே ஓட்டுநர் கருதுவர்.

திரொட்டில் என்பது காற்றுக் குழாயின் குறுக்கே அச்சொன்றிற் சுழலும் வட்டத் தகடு. மிதிபடியை அழுத்தத் தகடு திறக்கும்; உருளைகளிற் புகும் காற்று மிகும். பழைய டீசல் இயந்திரங்கள் பெரும்பாலனவற்றில் வலிமையை ஆள்வது எண்ணெயின் அளவேயாதலின், அவற்றிற்கு இவ்வாராய்ச்சி பொருந்தாது.

ஜீப் செரோக்கி வண்டிகளில் 1987ஆம் ஆண்டு மாதிரி முதலாக அமைந்த, ஆறு உருளைகளையுடைய 4 லீற்றர் இயந்திரத்தை எடுத்துக்கொள்க. அதன் வாயில் 60 மில்லிமீற்றரிலிருந்து 62 ஆகக் கடையப்படுவதாகக் கொள்க. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், வாயிற்பரப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு மிகும். ஆயின் வலிமையும் 7 பங்கு மிகும் எனல் பிழை.

இயந்திரம் இரு சுழற்சிக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை உள்ளிழுக்கும். நிமிடத்திற்கு 4600 சுழற்சியில், உருளைகள் நூற்றுக்கு 85 பங்கு நிரம்புமெனின், செக்கனுக்கு ஏறத்தாழ 130 லீற்றர் காற்று வேண்டும். 60 மில்லிமீற்றர் வாயிலில் அதன் வேகம் செக்கனுக்கு 46 மீற்றர். 1738இல் பேர்ணூலி வெளியிட்ட தத்துவத்தின்படி, அவ்வேகத்திற்குச் செலவாகும் அமுக்கம் ஏறத்தாழ 1200 பஸ்கால். அஃது வளிமண்டல அமுக்கத்தில் நூற்றுக்கு 1.2 பங்கேயாம். வாயில் 62 ஆனால் அது 1070 அளவிற்குக் குறையும். மீந்தது நூற்றுக்கு ஏழிலொரு பங்களவே! தகடும் அச்சும் தரும் தடையைச் சேர்ப்பினும் முடிவு பெரிதும் மாறாது. மணலில் மெல்ல ஊரும்போது, நிமிடத்திற்கு 2000 சுழற்சியில், இச்சிறு பேறும் ஐந்திலொன்றாகச் சுருங்கும்.

அங்ஙனமாயின், கடைந்தபின் வண்டி துடிப்புடன் பாய்வதாகத் தோன்றுவதேன்? மிதிபடியைச் சிறிதே அழுத்தினும் முன்னையினும் மிகுதியான காற்றுப் புகுவதே காரணம். முன்னர்ச் சற்று ஆழமாக அழுத்திப் பெற்றதை இப்போது மெல்ல அழுத்திப் பெறுகின்றனர். உச்ச வலிமை ஏறக்குறைய முன்போன்றதே. மணலிலோ இத்துடிப்பே தீங்காதலும் உண்டு. சில்லு திடீரெனச் சுழன்று தன் குழியைத் தானே தோண்டும்.

இனி, கடைதலிற் பேணவேண்டியனவும் உள. புதிய துளைக்கேற்ற தகட்டைப் பொருத்தல் வேண்டும். விளிம்பில் இடைவெளி இருப்பின் வண்டி நிற்கும்போதும் இயந்திரம் விரைந்தோடும். அடுத்துள்ள குழாயின் வாயும் ஒத்த அளவினதாதல் வேண்டும். அன்றேல் படி போன்ற தடை உண்டாகும். இவ்வியந்திரத்தின் மின்னணுக் கருவி குழாயின் அமுக்கத்தையும் வெப்பத்தையும் கொண்டு காற்றைக் கணிப்பதால், சிறு மாற்றத்திற்கேற்பப் பெற்றோலைத் தானே திருத்திக்கொள்ளும்.

எல்லாவற்றினும் மேலாக நோக்கற்பாலது காற்று வடியாகும். தடை குறையட்டும் என்று வடியை நீக்குவோர், மணற்றுகளை உருளைக்குள் அழைப்போராவர். அத்துகள் உருளைச் சுவரையும் முசல வளையங்களையும் தேய்க்க, இயந்திரத்தின் ஆயுளே குன்றும். தூய வடி, பழுதற்ற வால்வுகள், மணலுக்கேற்பக் காற்றுக் குறைத்த ரயர்கள் ஆகிய மூன்றும் தரும் நன்மையைக் கடைந்த வாயில் தாராது.

குறை எவ்விடத்தது என்று அளந்து அறிந்தபின் செலவிடுவதே அறிவுடைமை. வாயில் அகன்றதனால் மட்டும் மூச்சு வளராது.