பஞ்சாமிர்தத்தின் கன்று

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் நூல் காஞ்சிபுரத்தில் விளைவதில்லை. பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஆனாலும் 2005-06-இல் அந்தச் சேலைக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டை யாரும் குறை சொல்ல முடியாது. உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நிறம் கொடுத்து, மூன்று நாடாக்களை ஓட்டி, இரண்டையும் கோர்வையாகப் பிணைக்கிற கைப்பழக்கம் இந்த ஊர்த் தறிகளில் இருக்கிறது. நெசவாளர் இருக்கிறவரை, நூல் எங்கிருந்து வந்தாலும் சேலை காஞ்சிபுரத்துச் சேலைதான். 2019-இல் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே குறியீடு வழங்கப்பட்டது. இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ் வருவதால், இரண்டையும் ஒரே விதத்தில் காப்பாற்றிவிடலாம் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. அது தவறு. சேலையின் குணம் நெய்கிறவர் கையில் இருக்கிறது. பஞ்சாமிர்தத்தின் குணம் பழத்தில் இருக்கிறது. அந்தப் பழம் தரும் வாழை மலையில் அருகிக்கொண்டிருக்கும்போது பெயரை மட்டும் பதிந்து வைப்பது போதாது.

பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் சேர்கின்றன. பேரீச்சையும் கற்கண்டும் கூடுதல். அடுப்பில் வேகவைப்பதில்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றுவதில்லை. எனவே அதிலிருக்கும் ஈரத்தில் பெரும்பங்கு பழத்தின் ஈரம்தான். சர்க்கரையும் தேனும் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நொதிக்கவைக்கும் கிருமிகளுக்குக் குடிக்க நீர் கிடைப்பதில்லை. அதனால்தான் குளிர்பெட்டி இல்லாமலே அது பல நாள் தாங்குகிறது. நீர்ச்சத்து மிகுந்த பழத்தைப் போட்டால் இந்தக் கணக்கு குலைகிறது, கலவை இளகிப் புளிக்கத் தொடங்கும். பழனி மலைச் சரிவுகளில் விளையும் விருப்பாச்சி வாழையும் சிறுமலையில் விளையும் சிறுமலை வாழையும் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது இந்தக் காரணத்தால்தான்: ஈரம் குறைவு, சதை இறுக்கம், இனிப்போடு மெல்லிய புளிப்பு. இரண்டு வாழைகளுக்கும் 2008-09-இலேயே தனித்தனியாகப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது.

ஒரு பண்டத்துக்கென்றே ஓர் இரகம் என்பது நமக்கு மட்டும் உரியதில்லை. இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் சைடர் என்ற பானத்துக்கென்றே மரங்கள் உண்டு. சாமர்செட்டில் தோன்றிய கிங்ஸ்டன் பிளாக் அவற்றில் புகழ்பெற்றது. அந்தப் பழத்தைக் கடித்தால் துவர்ப்பில் வாய் உலர்ந்துபோகும், தின்னத் தோதில்லாதது. ஆனால் நொதிக்கும்போது சர்க்கரையெல்லாம் சாராயமாக மாறிவிட, பானத்தில் எஞ்சி நிற்பவை துவர்ப்பும் புளிப்பும்தான். தின்னும் ஆப்பிளில் அவை போதிய அளவு இல்லாததால் பானம் சப்பென்று போய்விடும். பழனியில் புளிக்கவிடாமல் காக்க வேண்டும், அங்கே புளிக்கவைக்க வேண்டும். இரண்டு இடத்திலும் வேலையைத் தீர்மானிப்பது பழத்தின் உடற்கூறு.

இன்னொரு ஒற்றுமைதான் ஆபத்தானது. ஆப்பிள் இரகத்தை விதையிட்டு வளர்த்தால் தாயின் குணம் வராது, ஒட்டுக்கட்டித்தான் பெருக்க வேண்டும். இந்த வாழைக்கோ விதையே கிடையாது; பக்கக்கன்றைப் பெயர்த்து நடுகிறோம். எந்தத் தோட்டத்து விருப்பாச்சியும் ஒரே செடியின் நீட்சி. நல்ல குணம் மாறாமல் வருவதுபோலவே நோயும் கன்றோடு கூடவே வருகிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஹெர்ஃபோர்ட்ஷயரில் கொண்டாடப்பட்ட ரெட்ஸ்ட்ரீக் என்ற சைடர் ஆப்பிள் அடுத்த நூற்றாண்டின் இறுதியில் நலிந்துபோனது. இரகங்களுக்கும் மனிதரைப் போல வயதாகிறது, தாய்மரம் மூப்படைந்தால் அதிலிருந்து ஒட்டுக்கட்டிய மரங்களும் மூப்படையும் என்று 1797-இல் வெளியிட்ட நூலில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் வாதிட்டார். நச்சுயிரிகள் ஒட்டு வழியே கடந்து சேர்கின்றன என்ற அறிவு அவர் காலத்தில் இல்லை.

விருப்பாச்சிக்கு வந்த நோய்க்குப் பெயர் முடிக்கொத்து நோய். அசுவினிப் பூச்சி பரப்பும் நச்சுயிரி நோய் அது. இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கிவிடும். இளம்வயதில் தொற்றிய செடி தாரே தள்ளாது. இலங்கையிலிருந்து 1940-களில் கேரளத்துக்கு வந்து, பின்னர் தமிழக மலைகளை அடைந்தது. மலைவாழையோ காப்பித் தோட்டங்களின் ஊடே, மழையை நம்பி, மறுதாம்பு மறுதாம்பாகப் பல ஆண்டு விடப்படுகிற பயிர். ஒருமுறை நுழைந்த நோய்க்கு அங்கே வெளியேற வேண்டிய தேவையே இல்லை. 1970-களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது.

சர்க்கரையும் தேனும் ஏலக்காயும் சேர்ந்த பிறகு எந்த வாழையென்று யாருக்குத் தெரியப்போகிறது, பூவனோ கற்பூரவள்ளியோ போதுமே என்று கேட்கலாம். ஒரு வாய் ருசிக்கு வேண்டுமானால் அது பொருந்தும். ஆனால் பழனியில் வாங்கிய டப்பாவைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்து நாலு வீட்டுக்குப் பகிர்ந்து கொடுக்கிறவருக்கு அது கெடாமல் இருப்பதும் பஞ்சாமிர்தத்தின் இயல்புதான். ஈரமான பழத்தை ஈடுகட்டச் சர்க்கரையைக் கூட்டினால் அது வேறு பண்டம். குறியீடு எதைக் காக்க வந்ததோ அதுவே அப்போது கைநழுவிவிடும். இரகத்தைத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் சேமித்து வைத்தால் போதாதா என்றும் கேட்கலாம். அந்தச் சேமிப்பு கட்டாயம் வேண்டும், அது இல்லையேல் மீட்சிக்கே வழியில்லை. ஆனால் நாலு செடியைக் காப்பதும் மலைச்சரிவில் ஒரு பயிரைக் காப்பதும் வேறு வேறு. மண், நிழல், உயரம், அறுவடையறிந்த கை எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பழம்.

நியாயமான எதிர்ப்பு உழவரிடமிருந்து வருகிறது. நோய்க்கு அஞ்சி, வேறு பயிருக்கு மாறிப் பிழைக்கும் உரிமை அவருக்கு உண்டு; கோயில் மரபைத் தூக்கிச் சுமக்கும் கடன் அவர் தலையில் மட்டும் விழ முடியாது. இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்வதனாலேயே சுமை வாங்குகிறவர் பக்கம் போக வேண்டும் என்கிறேன். தொழில்நுட்பம் கைவசம் இருக்கிறது. குருத்து நுனியிலிருந்து திசு வளர்ப்பில் கன்று எடுத்து, நச்சுயிரி இல்லையெனச் சோதித்து, மலை உழவர்களுக்குத் தரும் பணியில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஈடுபட்டிருக்கிறது. ஆனால் தூய கன்றை நோயுள்ள தோட்டத்துப் பக்கத்தில் நட்டால் அசுவினி மறுபடி கொண்டுவந்துவிடும். 1920-களில் இதே நோயால் ஆஸ்திரேலியாவின் வாழைத்தொழில் குலைந்தபோது, மேகீ என்ற ஆய்வாளர் அசுவினியின் பங்கைக் கண்டுபிடித்தார். தோட்டம் தோட்டமாக ஆய்ந்து நோயுற்ற செடிகளைக் கட்டாயமாக அழிக்கும் ஏற்பாடு அதன்பின் வந்தது, தொழிலும் மீண்டது. ஒருவர் வேலியோடு நிற்கும் வேலையில்லை இது. அழித்த செடிக்கு யாராவது ஈடு தர வேண்டும், அடுத்த கன்றுக்கு யாராவது விலை சொல்ல வேண்டும்.

சைடர் நாட்டில் பெரிய ஆலைகள் தோட்டக்காரர்களோடு பல பத்தாண்டு ஒப்பந்தம் போட்டுத்தான் தின்னத் தகாத அந்த மரங்களை நட வைத்தன. பழனித் தேவஸ்தானமும் ஆண்டு முழுவதும் பழம் வேண்டுகிற பெரிய கொள்முதலாளர். விலையை முன்கூட்டி உறுதிசெய்து, சோதித்த கன்றுகளுக்கு ஒரு நாற்றங்காலையும் தாங்கி நின்றால் மலையில் அந்த வாழை மீண்டும் பரவும். நட்ட கன்று தார் தர ஓராண்டுக்கு மேல் ஆகும். வருகிற தைப்பூசம் போய் அதற்கடுத்த தைப்பூசத்துக்கு வேண்டிய பழம் இந்த மார்கழிக்கு முன்பே மண்ணில் கன்றாக இறங்கியிருக்க வேண்டும். அதன் விலையும் அப்போதே பேசி முடிந்திருக்க வேண்டும்.