முதல் பால் ஆடு: விளம்பரத்துல போட்ட லிட்டர் உங்க வீட்டு லிட்டர் இல்ல

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காக லேசாகத் திருத்தப்பட்டது.)

வாரம் அஞ்சு நாள் கோடு அடிக்கிற ஆள்கிட்ட ஆட்டைப் பத்திக் கேட்கிறீங்க, பரவாயில்ல. ஊர்ல எங்க வீட்டுல ஆடு உண்டு, தெரிஞ்சதைச் சொல்றேன். மெயில்ல அதிகமா வர்ற கேள்வி இதுதான்: "வீட்டுப் பாலுக்கு முதல் தடவையா ஆடு வாங்கப்போறேன், எந்த இனம் வாங்கலாம்?" கூடவே, "தினமும் 3 லிட்டர்"னு ஒரு விளம்பர ஸ்கிரீன்ஷாட்.

அந்த 3 லிட்டர்லேருந்தே ஆரம்பிப்போம்.

முதல் பங்கு குட்டிக்கு

ஆடு சினையாகி, சுமார் 150 நாள் சுமந்து, குட்டி போட்டாத்தான் பால். ஆரம்ப வாரங்கள்ல ஒரு குட்டிக்கு அதோட எடையில ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு பால் தினமும் வேணும். 5 கிலோ குட்டின்னா அரை லிட்டர், ரெட்டைன்னா ஒரு லிட்டர். உங்க ஆடு கறக்கிறதே ஒரு லிட்டர்தான்னா, உங்க டம்ளருக்கு மிச்சம் பூஜ்யம். இது புரியாம மடியை ஒட்டக் கறந்தா, குட்டி மெலிஞ்சு செத்துப்போகும். அதனால இனத்தைப் பார்க்கும்போதே இந்தக் கழித்தலையும் போட்டுடணும்.

இப்ப இனங்கள்

சானேன்: சுவிட்சர்லாந்து ஆடு, வெள்ளை நிறம். அங்கே 3 லிட்டர் சாதாரணம். ஆனா வெளிர் தோல், வெயில் ஆகாது. அந்த 3 லிட்டர் குளிர்ந்த ஊரோட, நல்ல தீவனத்தோட கணக்கு. நம்ம மே மாசத்துல அதை எதிர்பார்க்க முடியாது.

ஜமுனாபாரி: உத்தரப் பிரதேசத்துல எட்டாவா பக்கம், யமுனை, சம்பல் ஆறுகளை ஒட்டின ஊர்கள்தான் பூர்வீகம். வளைஞ்ச மூக்கு, நீளமா தொங்குற காது. நல்லாப் பராமரிச்சா ஒன்றரை, ரெண்டு லிட்டர் வரும். பெரும்பாலும் ஒத்தைக் குட்டிங்கிறதால உங்க பங்கும் கூடும். ஆனா பெரிய உடம்பு, புதர் புதரா மேய்ஞ்சு பழகினது. மேய்ச்சல் நிலமும் கூடப் போக ஆளும் இருந்தா யோசிக்கலாம்.

பார்பரி: ஆக்ரா, மதுரா பக்கத்து ஆடு. சின்ன உடம்பு, நிமிர்ந்த காது, வெள்ளையில பழுப்புப் புள்ளி. கட்டிப்போட்டு வளர்க்க ஏத்தது. பால் ஒரு லிட்டருக்குள்ளதான்.

தலைச்சேரி: கண்ணூர், கோழிக்கோடு, மலப்புரம் பகுதி ஆடு, மலபாரின்னும் சொல்வாங்க. மழைக்கும் புழுக்கத்துக்கும் பழகினது. சுமார் ஒரு லிட்டர், அடிக்கடி ரெட்டைக் குட்டி. வெள்ளை, கருப்பு, கலப்புன்னு எல்லா நிறத்துலயும் வரும், அதனால நிறத்தை வெச்சு "ஒரிஜினல்"னு சொன்னா நம்பாதீங்க.

நம்ம கன்னி, கொடி, சேலம் கருப்பு எல்லாம் அருமையான ஆடுகள்தான், ஆனா இறைச்சிக்கானவை. பால் குட்டிக்குத்தான் சரியா இருக்கும்.

என் பதில்

தமிழ்நாட்டுல முதல் தடவைன்னா தலைச்சேரி. இடம் ரொம்பச் சின்னதுன்னா பார்பரி. தட்பவெப்பத்தைத் தாண்டி இன்னொரு காரணமும் இருக்கு: கிடா. அபூர்வ இனத்தை ஆசைப்பட்டு வாங்கிட்டு, பக்கத்துல அதே இனக் கிடா இல்லைன்னா, அடுத்த ஈத்துக்கு எங்க போவீங்க? தலைச்சேரிக் கிடா தேடினா கிடைக்கும்.

ஒண்ணு வாங்காதீங்க, ரெண்டா வாங்குங்க. ஆடு மந்தையில வாழ்ற உயிர், தனியா விட்டா கத்திக்கிட்டே இருக்கும். ரெண்டும் இடைவெளி விட்டுக் குட்டி போடுற மாதிரி இணை சேர்த்தா, ஒண்ணு வத்தும்போது இன்னொண்ணு கறக்கும். குட்டி பால் மறந்த பிறகு வீட்டுக்கு அரை லிட்டர் நிலையா வந்தாலே அது வெற்றி.

வாங்கும்போது

இனத்தோட பேரு பாதி வேலைதான் செய்யும். மீதி, அந்தக் குறிப்பிட்ட ஆடு. ரெண்டாவது ஈத்து ஆடாப் பாருங்க. சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் காலையில ஒரு தடவை, கண் முன்னாடி கறக்கச் சொல்லுங்க. ஒரு வேளை கறக்காம விட்டு மடியைப் பெருசாக் காட்டுறது பழைய வித்தை. ரெண்டு காம்புலயும் பால் வரணும், மடியில கட்டி இருக்கக்கூடாது. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்டாச்சான்னு கேளுங்க. முடிஞ்சவரை சந்தையைவிட, வளர்த்தவங்க வீட்டுலயே வாங்குங்க. அதோட தாயையும் குட்டிகளையும் பார்க்கலாம்.

கடைசியா ஒரு கேள்வி, இதை உங்களையே கேட்டுக்கோங்க: தினமும் தழை வெட்டிப் போட்டு, காலையிலயும் சாயங்காலமும் கறக்கப்போறது யாரு? அது ஊர்ல இருக்கிற உங்க அம்மான்னா, இனத்தை முடிவு பண்ண வேண்டியதும் அவங்கதான். இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க.

அடுத்த வாரம் பரண் கொட்டகை பத்திப் பேசலாம்.