சிக்குக் கோலமும் டெலிபோன் கம்பியும்

மார்கழி விடியலில் வாசலில் சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். புள்ளிகளை வைத்துவிடுவது சுலபம். இழை எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே திரும்புகிறது என்பதில்தான் சூட்சுமம். ஓரிடத்தில் இழை தப்பிவிட்டால், ஆரம்பத்திலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்கள் டெலிபோன் திடீரென்று ஊமையாகிவிட்டால், காரணத்தைத் தேடுகிற இன்ஜினீயர்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஆனால் அவர்களுடைய கோலம் ஒரு ஜில்லா அளவு பெரிது. அதில் ஒரு பகுதி மண்ணுக்கடியில் மறைந்தும் கிடக்கிறது!

"கைப்பேசிக்குக் கம்பி ஏது?" என்று கேட்பீர்கள். உங்கள் கையிலிருந்து கோபுரம் வரையில்தான் குரலுக்கு ஆகாய மார்க்கம். அதற்கப்பால் பெரும்பாலும் கண்ணாடி இழைதான். மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு பருமனுள்ள அந்த இழைக்குள் குரல் ஒளியாக மாறி ஓடுகிறது. ஒரே கேபிளுக்குள் இப்படிப் பல இழைகள். அடையாளத்துக்காக நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று வரிசையாக நிறம் கொடுத்திருக்கிறார்கள். ஜவுளிக்கடைக்காரர் தோற்றார்!

பத்துப் புகார், ஒரே வெட்டு

புதுக்கோட்டை ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 13 ஊராட்சி ஒன்றியங்கள். 2019 உள்ளாட்சித் தேர்தலின்போது 497 ஊராட்சிகள். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்க வகுத்த பாரத்நெட் திட்டத்தில் இந்த ஜில்லாவும் சேர்த்தி. இதற்குரிய கேபிளில் பெரும்பகுதியை மின்கம்பங்கள் மேலேயே கட்டிக்கொண்டு போகவும், மீதியை மண்ணில் புதைக்கவும் ஏற்பாடு.

ஒரு பேச்சுக்கு, அறந்தாங்கிப் பக்கம் பத்துக் கிராமங்களிலிருந்து ஒரே நேரத்தில் புகார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஊரில் ரேஷன் கடை இயந்திரம் விரல் ரேகையை ஏற்க மறுக்கிறது. இன்னோர் ஊரில் பிரசவ வலிக்கு 108ஐக் கூப்பிட முடியவில்லை. பத்து ஊருக்கும் பத்து ஆட்களை அனுப்புவதா?

முன்பெல்லாம் இதற்கு விடை பழைய லைன்மேன் ஒருவரின் தலைக்குள் இருக்கும். "அந்தப் பாலத்துக்குக் கிழக்கே பாருங்கள்" என்பார். அவர் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போகும்போது ஜில்லாவின் வரைபடமும் கூடவே போய்விடும். இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் வரைபடம் செய்கிறது. ஒவ்வொரு கம்பமும், ஒவ்வொரு இணைப்புப் பெட்டியும், எந்த நிற இழை எதோடு ஒட்டியிருக்கிறது என்பதும் அதில் பதிவாகியிருக்கும். பத்து ஊரின் தடங்களையும் அது பின்னோக்கி ஓட்டிப் பார்க்கிறது. பத்தும் பொதுவாகக் கடக்கிற பாதை எதுவோ அங்கேதான் சந்தேகம். ஆள் அனுப்ப வேண்டியது ஓரிடத்துக்கே.

வெளிச்சத்தால் அளக்கும் கோல்

பாதை தெரிந்தது, சரியான இடம்? அதற்கு ஓ.டி.டி.ஆர். என்று ஒரு கருவி. இழையின் ஒரு முனையில் ஒளித் துடிப்பை அனுப்பும். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து அது எதிரொலி போல் திரும்பி வருகிற நேரத்தைக் கணக்கிடும். கண்ணாடிக்குள் ஒளி ஒரு விநாடியில் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். பத்துக் கிலோமீட்டர் தூரம் போய்த் திரும்ப விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கருவி சொல்வது இழையின் நீளம். சாலையின் நீளம் அல்ல. பின்னால் ரிப்பேருக்கு உதவும் என்று ஆங்காங்கே கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள், ரவிக்கைத் தையலில் உள்ளே பிடித்து வைக்கிற துணியைப் போல. அந்தச் சுருள்களைக் கழிக்காமல் கடப்பாரையைத் தூக்கினால், வெட்டு ஓரிடம், குழி வேறிடம் என்றாகிவிடும். சுருள் எங்கே, எத்தனை மீட்டர் என்று வரைபடத்தில் குறித்திருந்தால்தான் கணக்கு நேராகும்.

கஜா வந்த இரவு

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்ததைப் புதுக்கோட்டைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தன. பேட்டரி தீர்ந்த கோபுரங்கள் மௌனமாயின. ஊரில் தாய் தகப்பன் பிழைத்தார்களா என்று அறிய முடியாமல் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பிள்ளைகள் தவித்தார்கள்.

அப்படிப்பட்ட வேளையில் எதை முதலில் சரிசெய்வது? எந்தக் கேபிளை ஒட்டினால் ஆஸ்பத்திரி பேசும், எந்தக் கோபுரத்தை எழுப்பினால் அதிகக் கிராமங்கள் கண் விழிக்கும் என்பதற்கு விடை தருவது தடம் காட்டும் வரைபடமே.

வரைபடம் முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்யும். ஒரு பாதை அறுந்தாலும் இன்னொன்று கை கொடுக்கட்டும் என்று ஊர்களை வளையமாக இணைப்பது வழக்கம். காகிதத்தில் இரண்டு பாதைகள் தனித்தனியாகத்தான் தெரியும். நிலப்படத்தில் போட்டுப் பார்த்தால், இரண்டும் ஏதோ ஒரு பாலத்தில் ஒரே குழாய்க்குள் ஒட்டிக்கொண்டு போவது அம்பலமாகும்! வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்தால் என்ன பிரயோஜனம்?

நீங்களும் உதவலாம்

புயல் எப்போதோ வருவது. மண் வெட்டும் இயந்திரமோ தினம் வருவது. கேட்காமல் தோண்டுவதால் நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய அரசு மதிப்பிட்டிருக்கிறது. அதைத் தடுக்கத்தான் 2023 மார்ச் 22ஆம் தேதி 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற கைப்பேசிச் செயலியைத் தொடங்கினார்கள். தோண்டப் போகிறவர் அதில் இடத்தைத் தெரிவித்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குச் செய்தி போய்விடும்.

ஆகையால், உங்கள் தெருவில் குழாய் பதிக்க இயந்திரம் வந்து நின்றால், "கீழே கேபிள் இருக்கிறதா என்று கேட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். இணைப்பு போய்விட்டால், எத்தனை மணிக்குப் போனது, அக்கம்பக்கத்தில் யார் யாருக்குப் போனது என்று சேர்த்துச் சொல்லுங்கள். தடம் தேடுகிறவருக்கு அது பெரிய உபகாரம். நீங்கள் மிச்சப்படுத்திக் கொடுக்கிற அரை மணி நேரத்தில், எங்கோ ஒரு கிராமத்திலிருந்து 108க்கு ஓர் அழைப்பு போய்ச் சேரக்கூடும்.